நுண்ணறிவும் ஆன்மாவும்: தத்துவ போதகர் காட்டும் வழி



செயற்கை நுண்ணறிவு நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. நாமக்கல் லாரி அலுவலகத்தில் கடிதம் எழுதவும், சேலத்துக் கல்லூரி விடுதியில் கட்டுரை தயாரிக்கவும் அது உதவுகிறது. ஞாயிறு மறைக்கல்விக்கும் மறையுரைக்கும் அதனிடமே கேட்டுவிடலாமே என்ற எண்ணம் குருக்களாகிய நமக்கும் எழுகிறது. சிலர் இதைச் சாத்தானின் கருவி என்று அஞ்சி ஒதுங்குகிறார்கள். சிலர் படிப்பையும் சிந்தனையையும் மனக்கவலையையும்கூட அதனிடமே ஒப்படைத்து விடுகிறார்கள். கிறிஸ்தவர்களாகிய நாம் இதை எப்படிப் பயன்படுத்துவது? ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் நம் சேலம், சேந்தமங்கலம் மண்ணில் நடந்த ஒரு துறவியின் வாழ்வு இதற்கு வழிகாட்டுகிறது. அவரே தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி.

இவர் 1577-ஆம் ஆண்டு இத்தாலியில் உயர்குடியில் பிறந்தார். செல்வத்தையும் பட்டத்தையும் துறந்து இயேசு சபையில் சேர்ந்தார். 1605-இல் கோவா வந்து, 1606-இன் இறுதியில் மதுரையை அடைந்தார். அங்கே அவருக்கு முன்பே பல ஆண்டுகள் உழைத்த குரு ஒருவர் இருந்தார். ஆயினும் உள்ளூர் மக்கள் திருமறையை ஏற்கவில்லை. அவர்கள் கண்ணில் அது பறங்கியரின் மார்க்கம். பறங்கியரின் உடை, உணவு, பழக்கம் ஆகியவற்றோடு நற்செய்தியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நொபிலி காவி உடுத்தினார், புலால் நீக்கினார், ஒருவேளை மட்டும் உண்டார். தமிழ், வடமொழி, தெலுங்கு மூன்றையும் கற்றார். சிவதர்மர் என்ற அந்தணரிடம் மாணவராக அமர்ந்து வடமொழி நூல்களைப் படித்தார்.  ஒவ்வொரு சொல்லையும் மனிதரிடம் கேட்டு, தவறாய்ச் சொல்லித் திருத்தப்பட்டு, மீண்டும் சொல்லியே கற்க வேண்டும். அந்த உழைப்பில் அவருக்கு மொழி மட்டும் கிடைக்கவில்லை, மனிதர்களும் கிடைத்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியமானது. குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகிய வழக்கங்களை அவர் ஒட்டுமொத்தமாகத் தள்ளவில்லை. கண்மூடி ஏற்கவும் இல்லை. இது எதற்காகச் செய்யப்படுகிறது, வழிபாட்டின் அடையாளமா, சமூகத்தின் அடையாளமா என்று ஒவ்வொன்றையும் நூல்களைக் கொண்டு ஆராய்ந்தார். விசுவாசத்துக்கு மாறானதை விலக்கினார். மற்றதைத் தூய்மைப்படுத்தி ஏற்றார். எதையும் சோதித்து அறிந்த பின்பே ஏற்க வேண்டும் என்று புனித பவுல் தெசலோனிக்கருக்கு அறிவுறுத்தியதை அவர் வாழ்ந்து காட்டினார்.

இதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உடன் உழைத்த குருவே அவர்மீது புகார் எழுதினார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் அவர் விசாரிக்கப்பட்டார். தாம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நின்று பதில் சொன்னார். இறுதியில் 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அவ்வழக்கங்களை நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

அதே ஆண்டில்தான் அவர் மதுரையிலிருந்து திருச்சி வழியாக நம் பகுதிக்கு வந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். சேலத்திலோ முதலில் தங்க இடம் கொடுப்பார் இல்லை. நோயும் அவரை வாட்டியது. பொறுமையோடு காத்திருந்தார். காலப்போக்கில், ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அவருடைய போதனையைக் கேட்டு மனம் மாறித் திருமுழுக்குப் பெற்றார். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவாவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன் இங்கே விழுந்த விதை அது.

நொபிலி எழுதிய நூல்களில் ஒன்று ஆத்தும நிர்ணயம். ஆன்மா என்றால் என்ன, உடலோடு அதற்கு என்ன உறவு என்பதை அது தமிழில் ஆராய்கிறது. இன்று இயந்திரம் மனிதரைப்போல் பேசுவதைக் கேட்டு, அதற்கும் உள்ளம் உண்டோ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆகவே அந்தப் பழைய கேள்வி மீண்டும் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. 2025 சனவரி 28-ஆம் நாள் திருப்பீடம் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்ற ஏடு இதற்கு விடை தருகிறது. செயற்கை நுண்ணறிவு மனித அறிவின் இன்னொரு வடிவம் அல்ல, மனித அறிவு படைத்த ஒரு பொருளே என்று அது தெளிவுபடுத்துகிறது. இயந்திரம் எழுதப்பட்ட கோடிக்கணக்கான சொற்களிலிருந்து அடுத்த சொல்லைக் கணித்துத் தருகிறது. அது அன்பு செய்வதில்லை, துன்புறுவதில்லை. தான் சொன்னதற்காக எந்த அவையிலும் நின்று பதில் சொல்வதும் இல்லை. நொபிலி சொன்னார், சொன்னதற்காக நின்றார். பொறுப்பு என்பது ஆன்மா உள்ளவருக்கே உரியது.

அவருடைய வாழ்வில் ஒரு நிழலும் உண்டு. அதை நாம் மறைக்கக் கூடாது. உயர் சாதியினரை அடைய அவர் தேர்ந்த வழி, சாதிப் பிரிவினையைத் தொடாமல் விட்டது. ஒருவருக்குத் திறந்த கதவு, இன்னொருவருக்கு மூடியே இருந்தது. எளியவரை ஆலயத்தில் இழிவாக நடத்தலாகாது என்று திருத்தந்தையின் அதே மடலே உயர்குடியினரை வேண்டிக்கொண்டது. பிற்படுத்தப்பட்ட மக்களிடையே பணிபுரியப் பண்டாரசாமிகள் என்ற குருக்கள் 1640-இல்தான் வந்தார்கள். அந்தப் பிரிவினையின் வடு நம் ஆலயங்களிலும் கல்லறைகளிலும் நீண்ட காலம் இருந்ததை நாம் அறிவோம். நல்ல நோக்கத்தோடு, நன்கு ஆராய்ந்து கையாண்ட வழியும் யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கத் தவறினால், அந்தப் பிழை தலைமுறைகளுக்கு நீளும். செயற்கை நுண்ணறிவிடமும் இதே கேள்வியைக் கேட்போம். இதனால் தறிக்கூடத்துத் தொழிலாளிக்கும், செல்பேசி வாங்க இயலாத மாணவிக்கும் நன்மை உண்டா? கடனோ வேலையோ கேட்டு வருபவரைக் கணினியே தரம் பிரித்தால், பழைய சாதிப் பாகுபாடு புதிய உருவில் திரும்பாதா?

முதுமையில் நொபிலி கண்பார்வையைப் பெரிதும் இழந்தார். மயிலாப்பூரில் சீடர்கள் எழுத, தம் நூல்களைச் சொல்லிச் சொல்லித் திருத்தினார். 1656-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பிறர் கையால் எழுதினாலும் சிந்தனையும் பொறுப்பும் அவருடையதாகவே இருந்தன. உதவியைப் பெறுவது தவறன்று. உள்ளத்தை ஒப்படைப்பதே தவறு.

ஆகவே அன்பர்களே, கணக்குக்கும் கடிதத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் இக்கருவியைப் பயன்படுத்துவோம். அது தருவதைச் சரிபார்த்த பின்பே பிறருக்குச் சொல்வோம். பிள்ளைகள் முதலில் தாமே எழுதிப் பார்க்கட்டும். மறையுரை முழங்காலிலிருந்தும் மக்களின் வீடுகளிலிருந்தும் பிறக்கட்டும். இரவில் தன் துயரைச் செல்பேசியிடம் சொல்லும் இளைஞனுக்கு, கேட்க ஒரு தாயோ நண்பரோ குருவோ அருகில் இருக்கட்டும். சோதித்தறியும் ஞானத்தையும், எவரையும் வெளியே நிறுத்தாத அன்பையும் தூய ஆவியார் நமக்கு அருள்வாராக!