தூங்கத் தெரியாத விதை

பைக் டயர் தொடங்கி விமானச் சக்கரம் வரை இயற்கை ரப்பர் இல்லாத இடம் இல்லை. அந்த மரம் அமேசான் காட்டை விட்டு ஆசியாவுக்கு வந்த கதையில் ஒரு பெயர் அடிக்கடி அடிபடும்: ஹென்றி விக்காம். பிரேசிலில் கேட்டால் விதைத் திருடன். இங்கிலாந்தில் கேட்டால் சாதனையாளர். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுஷன் இருந்தார்.

1846-ல் லண்டனில் பிறந்தார். நான்கு வயதில் அப்பா காலராவில் போய்விட, அம்மா தொப்பிக் கடை நடத்திக் காப்பாற்றினார். 20 வயதில் தொப்பிக்கான பறவை இறகு தேடி நிகரகுவா காட்டுக்குப் போனார். ஒன்றும் தேறவில்லை. அடுத்து ஒரினோகோ ஆற்றங்கரையில் ரப்பர் பால் எடுக்கப் போய், மலேரியாவில் செத்துப் பிழைத்தார். 1871-ல் குடும்பத்தோடு பிரேசிலின் சாந்தாரெம் பகுதியில் குடியேறினார். அம்மாவை அந்த மண்ணிலேயே புதைக்க வேண்டியதாயிற்று.

1872-ல் வந்த அவருடைய பயண நூலில் ரப்பர் மரத்தின் இலையையும் விதையையும் வரைந்திருந்தார். அது லண்டனில் உரியவர்கள் கண்ணில் பட்டது. கியூ தாவரவியல் தோட்டத்துக்கு ஆயிரம் விதைக்கு 10 பவுண்ட் என்று பேச்சு முடிந்தது.

சிக்கலே இங்கதான். நெல்லைக் காயவைத்தால் அடுத்த போகம் வரை தூங்கும். தேக்கு விதை கெட்டி ஓட்டுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். மாற்றி மாற்றி நனைத்தும் காயவைத்தும் எழுப்ப வேண்டும். ரப்பர் விதைக்குத் தூக்கமே கிடையாது. எப்போதும் சூடும் ஈரமும் இருக்கும் காட்டில் அது எதுக்குக் காத்திருக்கணும்? காய் வெடித்து விழுந்ததும் முளைக்கப் பார்க்கும். காய்ந்தால் செத்துவிடும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அழுகும். நம்ம பலாக்கொட்டை, மாங்கொட்டையும் இதே ரகம்தான். 1873-ல் கியூவுக்குப் போன 2,000 விதைகளில் முளைத்தவை வெறும் 12.

1876-ல் விக்காம் தபஜோஸ் ஆற்றுப் பக்கக் காடுகளில் உள்ளூர்ப் பழங்குடி மக்களோடு விதை பொறுக்கினார். லேசாக உலர்த்தி, காய்ந்த வாழையிலை அடுக்குகளுக்கு நடுவே வைத்து, பழங்குடிப் பெண்கள் பின்னிய காற்றோட்டமான கூடைகளில் நிரப்பினார். நீராவிக் கப்பலில் ஏற்றி, துறைமுகத்தில் தாமதமாகாமல் பார்த்துக்கொண்டார். விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அன்று பிரேசிலில் இல்லை.

ஜூன் 14 அன்று கூடைகள் கியூவுக்கு வந்து சேர்ந்தன. 70,000 விதைகளில் சுமார் 2,700 முளைத்தன. 4% கூட இல்லை! நம்ம லேப்ல இந்த அவுட்புட் வந்தா ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தே கிடைக்காது. ஆனால் அது போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு சுமார் 1,900 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. 1913 வாக்கில் ஆசியத் தோட்டங்கள் அமேசானை முந்த, பிரேசிலின் ரப்பர் நகரங்கள் சரிந்தன. மலேயாவில் அந்த மரங்களில் பால் வெட்ட நம் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள்.

விக்காமுக்குப் பணம் கிடைத்தது. அவர் எதிர்பார்த்த வேலை கிடைக்கவில்லை. குயின்ஸ்லாந்தில் புகையிலை, பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், பப்புவா தீவுகள் என்று தொட்டதெல்லாம் நஷ்டம். மனைவியும் பிரிந்து போனார். சர் பட்டம் 1920-ல்தான் வந்தது. 1928-ல் இறந்தார்.

அதே ஆண்டுதான் ஹென்றி ஃபோர்டு தபஜோஸ் கரையில் ரப்பர் தோட்டம் தொடங்கினார். நெருக்கி நட்ட மரங்களை அமேசானின் சொந்த இலைக்கருகல் பூஞ்சை தின்று தீர்த்தது. கடல் கடந்த மரங்கள் அந்த நோயிலிருந்து தப்பியிருந்தன.

விக்காம் பொறுமைசாலி இல்லை. நிதானமாகத் திட்டமிட்ட எதுவும் அவருக்குக் கைகூடவில்லை. அவசரப்படும் விதையோடு மட்டும்தான் அவருடைய அவசரம் ஒத்துப்போனது. பட்டம் அவர் ஒருவருக்கு வந்தது. ஆனா அந்தக் கூடையைப் பின்னின கைகள் இல்லன்னா, அந்த 2,700-ம் இல்ல.