வீட்டையே ஸ்டூடியோ ஆக்கிய பால்கே

தாதர் ரெயில் நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு தாதாசாகிப் பால்கே சாலை தெரிந்திருக்கும். சினிமாத் துறையில் மத்திய அரசு வழங்கும் மிகப்பெரிய விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1996-ம் ஆண்டுக்கான விருது சிவாஜி கணேசனுக்கும், 2010-ம் ஆண்டுக்கான விருது கே.பாலசந்தருக்கும் கிடைத்தது.

பால்கே பெரிய முதலாளி அல்ல. கைத்தொழில் தெரிந்தவர், பிள்ளைகுட்டிக்காரர்.

1870 ஏப்ரல் 30-ந்தேதி நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தந்தை சமஸ்கிருத பண்டிதர். மகனுக்கோ கைவேலையில்தான் நாட்டம். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும், பரோடா கலாபவனிலும் படித்தார். கோத்ராவில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். அங்கே பிளேக் நோய்க்கு முதல் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார்.

பிறகு சரஸ்வதிபாயை மணந்தார். தொல்பொருள் துறையில் வேலை பார்த்தார். ரவிவர்மா படங்களை அச்சிட்ட லோனாவாலா அச்சகத்துக்கு பிளாக் செய்து கொடுத்தார். மேஜிக்கும் காட்டினார். பால்கே என்ற பெயரைத் திருப்பிப் போட்டு, புரொபசர் கெல்பா என்று மேடை ஏறினார்! 1909-ல் ஜெர்மனிக்குப் போய் வண்ண அச்சுத் தொழிலைத் தெரிந்துகொண்டு திரும்பினார். ஆனால் பங்காளிகளுடன் ஒத்துவரவில்லை. தொழிலை விட்டு வெளியேறினார். அப்போது வயது 40.

அந்த நேரத்தில்தான் கிர்காமில் ஏசுநாதர் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்தார். கிருஷ்ணனையும் ராமனையும் இப்படித் திரையில் நடமாட விட்டால் என்ன என்று தோன்றியது. தினமும் மணிக்கணக்கில் படம் பார்த்ததில் கண் பார்வையே மங்கி, டாக்டர் சிகிச்சையில் தேறினார். இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து 1912-ல் லண்டன் போய், படத்தொழிலைக் கற்று, கேமராவுக்கும் ஆர்டர் கொடுத்து வந்தார்.

பணம் போட ஆள் வேண்டுமே? தொட்டியில் பட்டாணி விதை ஊன்றி, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்துக் காட்டினார். அதைப் பார்த்து பணம் கிடைத்தது. போதாததற்கு சரஸ்வதிபாயின் நகைகளும் போயின.

அந்த அம்மாளின் உழைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாதரில் இருந்த வீடே ஸ்டூடியோ. படக்குழு முழுவதுக்கும் அவரே சமைத்துப் போட்டார். வெயிலைத் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரவில் இருட்டறையில் உட்கார்ந்து பிலிம் ஓரத்தில் துளை போட்டார். பிலிம் கழுவவும் கற்றுக்கொண்டார். பட டைட்டிலில் அவர் பெயரும் வந்திருக்கலாம்!

சினிமாவில் நடிப்பது கவுரவக் குறைவு என்று கருதிய காலம் அது. யாராவது கேட்டால் ஹரிச்சந்திரா பாக்டரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லும்படி ஆட்களுக்குச் சொல்லி வைத்தார், பால்கே. நடிக்கப் பெண்கள் வரவில்லை. ஓட்டலில் 10 ரூபாய் சம்பளத்தில் இருந்த சாளுங்கே என்ற சமையல்காரருக்கு 15 ரூபாய் பேசி, தாராமதி வேஷம் போட்டார்.

லோகிதாசனாக நடித்தவன் பால்கேயின் சொந்த மகன் பாலச்சந்திரா. படப்பிடிப்பின்போது பாறையில் விழுந்து, மண்டை உடைந்து மயங்கிவிட்டான். முதலுதவி செய்தார்கள். சிறுவன் கண் விழிக்கட்டும், பிறகு எடுக்கலாம் என்றார்கள், உடனிருந்தவர்கள். எடுக்க இருந்ததோ லோகிதாசன் பிணமாகக் கிடக்கும் காட்சி. மயங்கிய மகனை அப்படியே கிடத்தி, பால்கே அந்தக் காட்சியை எடுத்து முடித்தார். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இதைச் சரி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்று அவர் கையில் இருந்ததெல்லாம் கடன் பணம்.

1913 மே 3-ந்தேதி கிர்காம் காரனேஷன் தியேட்டரில் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. கூட்டம் அலைமோதியது. 1917-ல் 'லங்கா தகனம்'. அதில் ராமர், சீதை இரண்டு வேடத்திலும் சாளுங்கேதான்! சென்னையில் அந்தப் படத்தின் வசூல் காசை மாட்டு வண்டியில் ஏற்றி, போலீஸ் காவலுடன் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். 1919-ல் வந்த 'காளிய மர்த்தன'த்தில் மகள் மந்தாகினி குட்டிக் கிருஷ்ணனாக நடித்தாள்.

மறுபடியும் பங்காளிகளோடு தகராறு. இந்துஸ்தான் பிலிம் கம்பெனியை விட்டு விலகி, குடும்பத்தோடு காசிக்குப் போனார். 1922-ல் திரும்பி வந்தார். ஆனால் பழைய செல்வாக்கு இல்லை. பேசும் படம் வந்ததும் அவர் காலம் முடிந்தது. 1937-ல் கோலாப்பூர் கம்பெனிக்காக எடுத்த 'கங்காவதரணம்' ஒன்றுதான் அவர் பேசும் படமாகவே எடுத்தது. அதுவே கடைசிப் படம்.

பிறகு நாசிக்கில் ஒதுங்கி வாழ்ந்தார். 1944 பிப்ரவரி 16-ந்தேதி காலமானார். வயது 73.