கம்பியில்லாச் செய்தியும் ஜகதீச சந்திர வஸுவும்

சேலம் நகரத்துக்கு அருகே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், ஏற்காடு அமைந்திருக்கிறது. சேலத்திலிருந்து அவ்வூருக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. முற்காலத்தில் தபால் பை சுமந்து நடந்தவரின் கால் வேகமே இத்தகைய மலைகளுக்குச் செய்தி செல்லும் வேகமாக இருந்தது. பிறகு கம்பி வந்தது. ஆனால் காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் மரமொன்று பெருங்காற்றில் சாய்ந்து விழுந்தால், கம்பி அறுந்து மலை ஊமையாகிவிடும். இன்றோ உயரமான இடங்களில் நிற்கும் கோபுரங்களின் உதவியால், மலைமேல் இருப்பவர் கம்பியின் துணையின்றியே சென்னையில் இருக்கும் மகனோடு பேசுகிறார். இந்த மாறுதலுக்கு வழி திறந்தவர்களில் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் நம் தேசத்தவர். அவர்தாம் ஆசாரிய ஜகதீச சந்திர வஸு. ஆங்கில வழக்கில் போஸ் என்று அறியப்படுபவர்.

அவர் காலத்துக்கு முன் செய்தி என்பது கம்பிக்கு அடிமையாக இருந்தது. 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி பரீட்சார்த்தமாகப் போடப்பட்டது. 1857-ல் நிகழ்ந்த மகா கிளர்ச்சியை அடக்க அந்நிய ஆட்சியாருக்குத் தந்தி பெருந்துணையாயிற்று. 1876-ல் கிரகாம் பெல் டெலிபோனுக்குப் பேடண்ட் உரிமை பெற்றார். 1882-க்குள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் டெலிபோன் நிலையங்கள் ஏற்பட்டுவிட்டன. கம்பி எங்கே போகவேண்டும் என்பதை நிச்சயித்தவர்கள் சர்க்காரும் பெரு வியாபாரிகளுமே. எளிய ஜனங்களின் குடிசைக்கு அது போகவேண்டிய அவசியத்தை அவர்கள் காணவில்லை.

வஸு 1858-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். தகப்பனார் பகவான் சந்திரர் சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆயினும் மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே செம்படவர் மகனும், தகப்பனாரிடம் வேலை பார்த்த முஸ்லிம் ஊழியரின் மகனும் அவருக்குத் தோழர்கள். கல்கத்தாவில் ஸெயின்ட் சேவியர் கலாசாலையில் லாபோன் பாதிரியார் அவருக்குப் பௌதிக சாஸ்திரத்தில் பற்று உண்டாக்கினார். 1880-ல் வைத்தியம் படிக்க லண்டன் சென்றவர், தேக அசௌக்கியத்தால் அதை விட்டுக் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, ராலே பிரபுவிடம் விஞ்ஞானம் கற்றார்.

1885-ல் தாய்நாடு திரும்பியவருக்குக் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் ஆசிரியர் பதவி கிடைத்தது. கூடவே ஓர் அவமானமும் காத்திருந்தது. இந்திய ஆசிரியருக்கு ஐரோப்பியர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். வஸுவின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி, அதிலும் பாதியே கொடுக்க முன்வந்தார்கள். அவர் கூச்சலிடவில்லை, வேலையை விடவுமில்லை. தினந்தோறும் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினார்; சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். இவ்விதம் மூன்று வருஷங்கள் கழிந்தன. அந்நாளில் குடும்பத்தைக் கடன் நெருக்கிக்கொண்டிருந்தது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1887-ல் அவர் மணந்த அபலா தேவியார், பெண்களுக்குக் கல்கத்தாவில் வைத்தியக் கல்வி மறுக்கப்பட்ட காரணத்தால் நம் சென்னைக்கு வந்து மெடிகல் காலேஜில் பயின்றவர். அநீதியின் சுவை இருவருக்கும் தெரியும். முடிவில் சர்க்கார் பணிந்து, முழுச் சம்பளத்தையும் நியமன நாள் முதல் கணக்கிட்டுக் கொடுத்தது. அந்தத் தொகையைக் கொண்டு அவர் தகப்பனாரின் கடனை அடைத்தார். சத்தியாக்கிரகம் என்ற சொல் பிறக்குமுன்பே அந்தத் தர்மத்தை ஒரு விஞ்ஞான ஆசிரியர் நடத்திக் காட்டினார் என்று நாம் துணிந்து சொல்லலாம்.

மின்சாரமும் காந்தமும் சேர்ந்து வெளியில் அலைகளாகப் பரவும் என்பதை 1860-களில் மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டினார். 1887, 1888 வருஷங்களில் ஹெர்ட்ஸ் அவ்வலைகளைச் சோதனையில் உண்டாக்கினார். அந்த அலைகள் நீளமானவை. 1894-ல் ஆராய்ச்சியில் இறங்கிய வஸு, 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மிகக் குறுகிய அலைகளை உண்டாக்கினார். நல்ல ஆராய்ச்சிசாலை கிடையாது. ஒரு சிறிய அறையும், அவர் சொல்லிக்கொடுத்தபடி கருவி செய்த ஒரு தகரக் கொல்லருமே அவருடைய பரிவாரம். ரயில் அட்டவணைப் புத்தகமொன்றின் ஏடுகளுக்கிடையே ஈயத் தகடு வைத்தும், சணல் நாரை முறுக்கியும் அலைகளின் குணத்தைச் சோதித்தார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், லெப்டினண்ட் கவர்னர் முன்னிலையில், சுவரை ஊடுருவிச் சென்ற மின்னலை ஏறத்தாழ 75 அடிக்கு அப்பால் மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. சபையோர் பிரமித்தார்கள்.

அவர் கண்ட உண்மையின் சாரம் இது: இந்த அலைகள் ஒளியின் விதிகளுக்கே கட்டுப்பட்டவை, பிரதிபலிக்கும், வளையும், தடையின் பின்னே நிழலையும் விடும். சேலத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சேர்வராயன் சிகரம் தெரிகிறது. சிகரத்துக்குப் பின்புறப் பள்ளத்திலுள்ள சிற்றூர் தெரிவதில்லை. குறுகிய அலைக்கும் ஏறக்குறைய இதுவே கதி. ஆகையால்தான் கோபுரங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி உயர்ந்த இடங்களில் நாட்டப்படுகின்றன. பாதை வளைவொன்றில் கைபேசி திடீரென்று மௌனமாவதும் இந்த விதியினாலேயே.

1899-ல் லண்டன் ராயல் சங்கத்தின் முன் வைத்த கட்டுரையில், இரும்பும் பாதரசமும் கொண்டு அலைகளை உணரும் கருவியொன்றையும், அதை டெலிபோனோடு இணைக்கும் முறையையும் வஸு விவரித்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டபோது உபயோகித்த கருவியும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதற்கு வஸுவின் கட்டுரையே மூலம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரின் முடிவு. மார்க்கோனியின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. தூரதேசங்களை இணைக்கும் நிர்மாணத்தை அமைத்தவர் அவரே. ஆனால் 1909-ல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது வஸுவின் பெயர் அங்கே கேட்கவில்லை.

1901-ல் லண்டனில் தந்திக் கம்பெனி முதலாளியொருவர் வஸுவிடம் வந்து, பேடண்ட் எடுத்தால் பெரும் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். அவர் இணங்கவில்லை. ஞானம் விற்பனைச் சரக்கல்ல என்பது அவர் கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-ல் ஓர் அமெரிக்கப் பேடண்ட் அவர் பெயரில் கிடைத்தது. அதிலிருந்தும் அவர் காசு தேட முயலவில்லை.

இது பெருந்தன்மையா, தேசத்துக்கு நஷ்டமா? இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. சம்பளத்தை மறுத்தபோது நியாயம் கிடைத்தது. பேடண்டை மறுத்தபோது பலன் பிறருக்குப் போயிற்று. எனினும் குறை வஸுவின் தியாகத்தில் இல்லை என்பதே நம் அபிப்பிராயம். அவர் கண்டுபிடித்ததை எடுத்துச் செய்ய நம் நாட்டில் தொழிற்சாலை இல்லை. அதை ஏற்படுத்த அந்நிய சர்க்காருக்கு மனமுமில்லை. விதை நம்முடையது; நிலமும் நீரும் பிறர் கையில் இருந்தன.

இதை உணர்ந்துதான் போலும், ஓய்வுபெற்ற பின் 1917 நவம்பர் 30-ந் தேதி, தம் பிறந்த நாளில், அவர் கல்கத்தாவில் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்தார். அதற்குள் அவர் கவனம் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்வதில் திரும்பியிருந்தது. 1920-ல் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானார்.

அவர் அன்று ஆண்ட மில்லிமீட்டர் அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்த அலைவரிசையை, ஐந்தாம் தலைமுறைக் கைபேசிக்காக 2022-ல் நம் சர்க்கார் ஏலத்தில் விட்டது. தந்திச் சேவையோ 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. கம்பி போயிற்று, அலை நின்றது. ஆனால் அலையை ஆளும் கருவிகளில் எத்தனை நம் கையால் ஆனவை, அவை மலைப் பள்ளத்துச் சிற்றூர்களை எட்டுகின்றனவா என்ற கேள்விகளை நாம் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். ஒரு சிறிய அறையும் ஒரு தகரக் கொல்லரும் போதுமென்று தொடங்கியவரின் தேசத்தார், வசதியில்லை என்று சாக்குச் சொல்வது தகாது. தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கும் பள்ளிகளையும், கண்டுபிடித்ததைத் தொழிலாக்கும் பட்டறைகளையும் ஊர்தோறும் வளர்ப்பதே வஸுவுக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான மரியாதை.