மஞ்சேரி அனுப்பிய தமிழர்

நம் கல்லூரியிலிருந்து வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக வாலாஜா பள்ளிவாசலுக்குச் செல்லும் மாணவர்களுள் பலர், தொழுகை முடிந்ததும் அதன் வளாகத்திலுள்ள ஓர் அடக்கத்தலத்தின் முன் நின்று துஆச் செய்துவிட்டு வருவதைக் கண்டிருக்கிறேன். ஒருநாள் வகுப்பில், அங்கே துயிலும் பெருமகனார் எந்தத் தொகுதியின் சார்பில் மக்களவையில் அமர்ந்திருந்தார் என்று கேட்டேன். திருநெல்வேலி என்றார் ஒருவர். வாணியம்பாடி என்றார் மற்றொருவர். சென்னை என்றார் மூன்றாமவர். மஞ்சேரி என்று சொன்னவர் எவருமில்லை. அது எங்கே இருக்கிறது என்று அறிந்தவரும் இல்லை. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. மேடைகளில் நாம் காயிதே மில்லத் என்ற பட்டத்தைச் சொல்லும் அளவிற்கு அன்னாரின் வாழ்வைச் சொல்வதில்லை.

முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். நெல்லையிலும் திருச்சியிலும் சென்னையிலும் கல்வி பயின்ற அவர்கள், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டத் தேர்வெழுதாமல் கல்லூரியைத் துறந்தார்கள். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, அத்துறையின் நுணுக்கமெல்லாம் அறிந்தவராய் விளங்கினார்கள். குரோம் தோல் தொழிலால் பெயர்பெற்ற குரோம்பேட்டையிலேயே அவர்தம் இல்லம் அமைந்தது பொருத்தமே.

1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையை இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். அன்று முஸ்லிம் வாக்காளர்கள் தனிப் பட்டியலில் இருந்தனர். முஸ்லிம் இடங்களுக்கு முஸ்லிம்களே வாக்களித்தனர். 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் தந்த ஏற்பாடு அது. அவ்விடங்களில் மிகப் பெரும்பாலானவற்றை முஸ்லிம் லீக் வென்றது. இஸ்மாயில் சாகிப் அவர்கள் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்து 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார்கள்.

பிரிவினைக்குப் பிந்திய நாள்கள் கொடியவை. லீக்கைக் கலைத்துவிடுமாறு வெளியிலிருந்து மட்டுமன்றி உள்ளிருந்தும் வற்புறுத்தல் எழுந்தது. வடநாட்டுத் தலைவர் பலர் அக்கருத்தையே கொண்டிருந்தனர். 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் மாளிகையில் கூடிய கூட்டம் அதனை ஏற்கவில்லை. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தோன்றியது. அதன் தலைமை இஸ்மாயில் சாகிப் அவர்கள்பால் வந்தது. இறுதி மூச்சு வரை அவர்களிடமே இருந்தது.

அதே ஆண்டில் அவர்கள் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார்கள். அங்கே அவர்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன என்பதை மறைக்காமல் சொல்லுதல் நேர்மை. 1948 நவம்பரில், எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொணர்ந்தார்கள், அது ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம், தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என வாதாடினார்கள். சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்துரைத்தார். முஸ்லிம் உறுப்பினருள்ளேயே சிலர் எதிர்த்தனர். சபை மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் எழுந்தபோது, தொன்மையும் இலக்கிய வளமும் அளவுகோலாயின் அத்தகுதி தமிழுக்கே உரியது என்று அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதுவும் முடிவை மாற்றவில்லை. ஆயினும் தமிழ் பயிற்றும் எமக்கு அவ்வுரை ஒரு தனிப் பெருமிதம்.

தனித்தொகுதி போனபின் என்ன செய்வது? இதுவே அன்றைய முஸ்லிம்களை வாட்டிய வினா. அதற்கு அவர்கள் விடுத்த மறுமொழி, தோல்வியைத் தோல்வியென ஏற்றுப் பொதுத்தொகுதியின் வழியிலேயே செல்வது என்பதாகும். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராகப் பணியாற்றினார்கள். அது சட்டமன்ற உறுப்பினர் வாக்கால் கிடைப்பது. மக்களின் நேரடி வாக்கைப் பெறும் காலம் 1962இல் வந்தது.

மஞ்சேரி மலபாரின் ஏறநாட்டில் உள்ளது. 1956 நவம்பரில் கேரள மாநிலம் உருவாகும்வரை மலபார் சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டமாகவே இருந்தது என்பது நம்மிற் பலர்க்கு மறந்துபோன செய்தி. 1952இல் மலப்புரம் என்ற பெயரிலும், 1957இல் மஞ்சேரி என்ற பெயரிலும் அப்பகுதி மக்களவைக்கு அனுப்பியவர் பி. போக்கர் சாகிப் அவர்கள். அவருக்குப்பின் தமிழகத்துத் தலைவரை அம்மக்கள் அழைத்தனர். மக்களவைக்குப் போட்டியிட நாட்டின் ஏதேனும் ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராய் இருந்தாற் போதும் என்பது சட்டம். ஆகவே சென்னைவாசி மஞ்சேரியில் நிற்பதற்குத் தடையில்லை. சட்டம் இடம் தரலாம். மக்கள் இடம் தருவது வேறு. மலையாளம் அவர்தம் தாய்மொழியன்று. தேர்தல் நாள்களில் தொகுதியில் தங்கி வாக்குக் கேட்டதும் மிகக் குறைவு என்று அப்பகுதியில் வழிவழியாகச் சொல்வர்.

அவர்கள் வென்ற மூன்று தேர்தல்களையும் சற்று நின்று நோக்குவோம். 1962இல் காங்கிரசின் துணை இல்லை. லீக் தனித்தே நின்றது. அவ்வாண்டில் கேரளத்தில் அது வென்ற இடங்கள் இரண்டு: கோழிக்கோட்டில் சி.எச். முகம்மது கோயா அவர்கள், மஞ்சேரியில் இஸ்மாயில் சாகிப் அவர்கள். 1967இல் மார்க்சியக் கட்சி உள்ளிட்ட ஏழு கட்சிக் கூட்டணி. தமிழகத்திலோ அதே ஆண்டில் அறிஞர் அண்ணாவுடனும் ராஜாஜியுடனும் கைகோத்து நின்றார்கள். 1971இல் காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியும் இருந்த அணி. அணிகள் மாறின, உறுப்பினர் மாறவில்லை. தனித்தொகுதி இன்றேல் தம் சமுதாயத்தின் குரல் எழாது என அஞ்சியவர்கள், பொதுத்தொகுதியிலேயே மும்முறை வென்றார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதி அது, ஆகவே அந்த அச்சம் பொய்த்தது என்று கூறிவிட முடியாது என்பாரும் உளர். அது நியாயமான தடையே. சிதறி வாழும் தமிழக முஸ்லிம்களுக்கு மஞ்சேரி போன்றதொரு தொகுதி கிடையாது. தமிழகத் தலைவர் மலையாள மண்ணிலிருந்து தில்லி செல்ல நேர்ந்ததன் காரணமும் அதுவே எனக் கருதுகிறேன்.

தொலைவிலிருந்து ஒரு தொகுதியைப் பேணுவதில் குறையுண்டு. சாலைக்கும் பாலத்திற்கும் மனுக் கொடுக்க ஏறநாட்டு உழவர் குரோம்பேட்டைக்கு வர இயலுமோ? அக்குறை பெரிதாகத் தோன்றாதபடி காத்தவர்கள் பாபக்கி தங்ஙள் அவர்களும், சி.எச். முகம்மது கோயா அவர்களும், அவர்களின் பின்னின்ற ஊழியர்களும் ஆவர். 1967 அமைச்சரவையில் லீக் இடம்பெற்றது. கோயா அவர்கள் கல்வி அமைச்சரானார்கள். 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தோன்றியது. 1969 ஜூன் 16இல் மலப்புரம் தனி மாவட்டமாயிற்று. தில்லியில் இஸ்மாயில் சாகிப் அவர்கள் செய்த பணி வேறு வகையினது. தனியார் சட்டம், சிறுபான்மையினர் உரிமை, மொழி என நிர்ணய சபையில் எழுப்பிய அதே பொருள்களையே அங்கும் அவர்கள் பேசினார்கள். 1962இல் சீனப் போர் மூண்டபோது தம் ஒரே மகனைப் படைக்கு அளிக்க முன்வந்தார்கள் எனப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அவர்கள் மறைந்தார்கள். அப்போதும் மஞ்சேரியின் உறுப்பினராகவே இருந்தார்கள். 1974இல் அண்ணா சாலையில் அவர்தம் பெயரால் அரசு மகளிர் கல்லூரி எழுந்தது. 1991இல் நாகப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்திற்கு அவர்தம் பெயர் சூட்டப்பட்டது. தலைவர் பெயர்களை மாவட்டங்களிலிருந்து நீக்கியபோது 1997இல் அதுவும் நீங்கியது.

மஞ்சேரியில் 1973இல் நடந்த இடைத்தேர்தலில் கோயா அவர்கள் வந்தார்கள். 1977 முதல் இப்ராகிம் சுலைமான் சேட் அவர்களும், 1991 முதல் இ. அகமது அவர்களும் தொடர்ந்தார்கள். 2004இல் அத்தொகுதி மார்க்சியக் கட்சியின் டி.கே. ஹம்சா அவர்களைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் நிகழ்ந்த தொகுதி மறுசீரமைப்பில் மஞ்சேரி மக்களவைத் தொகுதி மறைந்தது. 2009 முதல் அதனிடத்தில் மலப்புரம் நிற்கிறது. இன்று மஞ்சேரி என்பது கேரளச் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் பெயர் மட்டுமே. வகுப்பில் மாணவர்கள் தேசப்படத்தை விரித்துத் தேடியபோது, அச்சிறு பெயரைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆயிற்று.