5 டாலருக்கு விற்ற போர்வையைப் பார்க்க மறுபடி மறுபடி வந்த ஹேரியட் பவர்ஸ்!

உங்க முதல் பைக்கை வித்த அனுபவம் இருக்கா? வித்து, பணத்தையும் எண்ணி வாங்கின பிறகு, அது புது ஓனர் வீட்டு வாசல்ல எப்படி நிக்குதுன்னு பார்க்கவே அந்தத் தெரு வழியா ஒரு ரவுண்டு போயிருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கதையில் வருகிற பெண்மணியை உங்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும்.

அவர் பெயர் ஹேரியட் பவர்ஸ். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது (கிரேக்க நாட்டு ஏதென்ஸ் இல்லை, அந்தப் பெயரைக் கடன் வாங்கிய பருத்தி ஊர்). அதன் பக்கத்தில் 1837 அக்டோபர் 29-ம் தேதி பிறந்தார். பிறக்கும்போதே அடிமை. அதாவது, அவர் எந்த நேரமும் யாரோ ஒருவரின் சொத்துக் கணக்கில் ஒரு வரி.

இன்றைக்கு அவர் கையால் உருவான இரண்டு போர்வைகள் அமெரிக்காவின் இரண்டு பெரிய மியூசியங்களில் இருக்கின்றன. ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில். இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். போர்வைக்கு மியூசியமான்னு கேட்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

முதலில் க்வில்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. இந்த மூன்று அடுக்கும் நகராமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போகணும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஆனால், ஒரு பெரிய கட்டில் அளவு போர்வைக்கு எத்தனை ஆயிரம் தடவை ஊசி உள்ளே போய் வெளியே வரணும்னு யோசிச்சுப் பாருங்க. மேல் துணியில் உருவங்கள் வேண்டுமென்றால், மனிதர், மிருகம், நட்சத்திரம் என்று வேறு துணியில் வெட்டியெடுத்து ஒட்டித் தைக்க வேண்டும். நம்ம டெய்லர் கடையில் சொல்கிற அப்ளிக் வொர்க் அதுதான். ஹேரியட் கெட்டிக்காரர் ஆனது இதில்தான். ஊசியோடு தையல் மெஷினையும் சேர்த்தே பயன்படுத்தினார். கையால் மட்டும்தான் தைப்பேன் என்கிற வீம்பெல்லாம் அவரிடம் இல்லை. வயல் வேலையும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அந்த வீம்புக்கு நேரம் ஏது?

1855-ல் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் விடுதலை கிடைத்தபோது அவருக்கு 27 வயது. 1880-களில் கணவனும் மனைவியுமாக 4 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். தன்னையே சொந்தம் கொண்டாட முடியாமல் பிறந்த ஒரு பெண் 4 ஏக்கருக்குச் சொந்தக்காரி! அந்த வருஷங்கள் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் கற்பனைகூடப் பண்ண முடியலை.

1886-ல் ஏதென்ஸில் ஒரு பருத்திக் கண்காட்சி நடந்தது. அங்கே ஹேரியட் தன் க்வில்ட்டைத் தொங்கவிட்டிருந்தார். மொத்தம் 11 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பைபிளிலிருந்து ஒரு காட்சி. ஏதேன் தோட்டத்தில் ஆதாம், ஏவாள், கூடவே பாம்பு. அந்தப் பாம்புக்குக் கால் இருக்கிறது! கவனக்குறைவில்லை. வயிற்றால் ஊர்ந்து போ என்று கடவுள் சபித்தது ஏவாளை ஏமாற்றிய பிறகுதானே... அப்படியென்றால் அதற்கு முன்னால் கால் இருந்திருக்கணுமே. அப்புறம் காயீன் ஆபேலைக் கொல்கிறான், யாக்கோபு கனவு காண்கிறார், இயேசு ஞானஸ்நானம் பெறுகிறார். கடைசி இராப்போஜனக் காட்சியில் சீடர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார். யூதாஸுக்கு மட்டும் மங்கலான நிறத்தில் உடுப்பு. ஆள் கொஞ்சம் அப்படி இப்படி என்பதைத் துணியிலேயே சொல்லிவிட்டார். செம இல்ல?

அந்தக் கண்காட்சியில் ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி இதைப் பார்த்தார். உள்ளூரில் பெண்கள் படிக்கும் லூசி காப் பள்ளியின் ஓவிய ஆசிரியை. பார்த்ததும் ஆசைப்பட்டு, தைத்தவர் யார் என்று தேடிப் பிடித்து, விலைக்குக் கேட்டார். ஹேரியட், என்ன விலை கொடுத்தாலும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நாலஞ்சு வருஷம் போனது. பருத்தி விவசாயிகளுக்குப் போதாத காலம். ஹேரியட்டே சொல்லியனுப்பினார், விற்கத் தயார் என்று. அந்த நேரம் பார்த்து ஸ்மித்திடம் பணம் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, இன்னும் விற்கும் எண்ணம் இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்மித் தகவல் அனுப்பினார்.

ஒரு மத்தியானம் ஸ்மித் வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஹேரியட் மடியில் ஒரு மூட்டை. சுத்தமான மாவுப் பையில் க்வில்ட்டைச் சுற்றி, அதற்கு மேல் ஒரு கோணிப்பையும் சுற்றி எடுத்து வந்திருந்தார். நம்ம ஊரில் கைக்குழந்தையை எடுத்துப் போகும்போது துண்டுக்கு மேல் துண்டாகச் சுற்றுவோமே, அந்த மாதிரி.

அவர் கேட்டது 10 டாலர். என்னிடம் இருப்பதே 5 டாலர்தான் என்றார் ஸ்மித். ஹேரியட் உடனே சரி சொல்லவில்லை. வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கிடைப்பதை வாங்கிக்கொள்வதுதான் நல்லது என்பது ஆர்ம்ஸ்டெட்டின் அபிப்பிராயம். திரும்பி உள்ளே வந்து 5 டாலருக்கு ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்கு ஜென்னி ஸ்மித் மேல் கோபம் வந்தது. கேட்டதில் பாதி விலை! அதுவும் அவ்வளவு ஆசைப்பட்ட ஒரு பொருளுக்கு. கைவேலைப் பொருள் என்றாலே பாதி விலைக்குக் கேட்கிற பழக்கம் அன்றைக்கும் இருந்திருக்கிறது. இன்ஸ்டாவில் க்ரோஷே பை பின்னி விற்கிற உங்க ஃப்ரெண்டைக் கேட்டுப் பாருங்க, அவங்க கமென்ட் பாக்ஸ் இதைவிட மோசமாக இருக்கும்.

ஆனால், அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையையே காப்பாற்றியது. பணத்தை வாங்கிக்கொண்டு ஹேரியட் கிளம்பிவிடவில்லை. க்வில்ட்டை விரித்துப் போட்டு, 11 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார், இது என்ன, ஏன் இப்படித் தைத்தேன் என்று முழுசாக விளக்கினார். ஸ்மித் அதை எழுதி வைத்துக்கொண்டார். யூதாஸின் மங்கல் உடுப்பு பற்றி இன்று நமக்குத் தெரிவது அந்த மத்தியானத்தால்தான். போர்வை கைமாறினாலும், அது சொல்லும் கதை மாறிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. விற்ற க்வில்ட்டைப் பார்ப்பதற்காகவே ஸ்மித் வீட்டுக்குப் பலமுறை வந்து போனார். பெற்ற பிள்ளையைப் பார்க்க வருவது போல என்று ஸ்மித் தன் குறிப்புகளில் புரிந்து எழுதியிருக்கிறார். பிரிவை ஓரளவு ஆற்ற ஸ்மித் ஒரு வாக்குக் கொடுத்தார். தன் வீட்டில் மிஞ்சும் துண்டுத்துணிகளை எல்லாம் சேர்த்து வைத்துத் தருகிறேன் என்றார். ஹேரியட்டுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் தந்தது அதுதான். பாருங்க, பணத்தால் ஆறாதது துண்டுத்துணியால் கொஞ்சம் ஆறியிருக்கிறது. துண்டுத்துணி என்றால் அடுத்த க்வில்ட் என்று அர்த்தமில்லையா?

அந்த 'அடுத்தது' வரத்தான் செய்தது. 1895-ல் அட்லாண்டாவில் பிரமாண்டமான பருத்தி மாநிலங்கள் கண்காட்சி நடந்தபோது, ஸ்மித் பைபிள் க்வில்ட்டை அங்கே வைக்க அனுப்பினார். அதைப் பார்த்த அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார்தான் இன்னொன்று தைத்துத் தரச் சொன்னார்கள் என்று சொல்லப்படுகிறது. அது 1898-ல் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்ற போதகருக்குப் பரிசாகப் போனது. இதில் 15 கட்டங்கள்.

இந்த இரண்டாவது க்வில்ட் வேற லெவல். யோனா, மோசே, யோபு எல்லாம் இருக்கிறார்கள். ஆனால், நடுநடுவே உள்ளூர்ச் செய்திகளும் புகுந்துவிட்டன. 1780 மே 19-ல் பட்டப்பகலில் வானம் இருண்டுபோன நாள். 1833 நவம்பர் 13-ல் வானத்திலிருந்து மழை மாதிரி எரிகற்கள் கொட்டிய இரவு. உலகம் அழியப்போகிறது என்று ஜனங்கள் நடுங்க, கடவுளின் கை வந்து நட்சத்திரங்களைத் தடுத்ததாம். இரண்டுமே ஹேரியட் பிறப்பதற்கு முன் நடந்தவை. யார் யாரோ சொல்லக் கேட்டு, வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்து, 60 வயதை நெருங்கும்போது துணியில் இறக்கியிருக்கிறார்.

அவரே அனுபவித்ததும் உண்டு. 1895 பிப்ரவரி 10 என்று அவர் குறிக்கிற கொடும் குளிர். ஜெபம் செய்தபடியே உறைந்துபோன ஒரு பெண், மாவு மூட்டையோடு உறைந்த ஒரு மனிதர், மூச்சு பனிக்கட்டியாகத் தொங்கும் ஒரு கோவேறு கழுதை. அந்த வட்டாரத்துக்கான நியூஸ் ஃபீடையே தைத்து வைத்த மாதிரி.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு பன்றி. பெயர் பெட்ஸ். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடியதாம். யாருக்கும் கட்டுப்படாத பன்றி என்பது ஹேரியட் தந்த விளக்கம். வடக்கு நோக்கித் தப்பி ஓடிய அடிமைகளின் ஞாபகம் இது என்று ஆய்வாளர்கள் சிலர் வாசிக்கிறார்கள். ஹேரியட் அப்படிச் சொல்லவில்லை. ஆனால், பைபிள் காட்சிகளுக்கு நடுவில் ஒரு பன்றிக்கு இடம் கொடுத்தவர் சும்மா கொடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. வெட்டி ஒட்டும் இந்தப் பாணி மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய தாஹோமி நாட்டுத் துணிகளை ஞாபகப்படுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். பார்த்தால் ஒற்றுமை தெரியும். நேரடித் தொடர்புக்கு ஆவணம் எதுவும் கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் அவர் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வந்தது. 1890-களில் அந்த 4 ஏக்கரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போனது. ஆர்ம்ஸ்டெட்டும் பண்ணையை விட்டு விலகிப் போய்விட்டார். ஹேரியட் தையலை வைத்தே பிழைத்தார். அந்தக் காலத்தில் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. முகத்தில் சிரிப்பில்லை. உடம்பில் கட்டியிருக்கும் ஏப்ரனைப் பாருங்க, அதிலும் சூரியன் போன்ற உருவத்தை வெட்டி ஒட்டித் தைத்திருக்கிறார்!

1910 ஜனவரி 1-ம் தேதி இறந்தார். இந்தத் தேதியே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. புத்தகங்கள் எல்லாம் 1911 என்று எழுதிக்கொண்டிருந்தன. ஏதென்ஸில் கறுப்பின மக்களுக்கான காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில், 2005-ல்தான் அவருடைய கல்லறைக் கல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னொன்றையும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், காதில் விழுந்த பைபிள் கதைகளைத்தான் தைத்தார் என்று. அடிமைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதே ஜார்ஜியாவில் அன்று சட்டப்படி குற்றம் என்பதால், யாரும் சந்தேகப்படவில்லை. க்வில்ட் வரலாற்றை ஆராயும் கைரா ஹிக்ஸ் என்பவர், 1896-ல் ஹேரியட் எழுதிய ஒரு கடிதத்தின் பிரதியைக் கண்டெடுத்து, 2009-ல் புத்தகமாக எழுதினார். அட்லாண்டா கண்காட்சியில் க்வில்ட்டைப் பார்த்துவிட்டு விசாரித்த, அயோவா மாநிலத்துப் பெண்மணி ஒருவருக்கு எழுதிய கடிதம் அது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் உதவியால் படிக்கக் கற்றதை அதில் சொல்கிறார். தானே படித்த பைபிளைத்தான் தைத்திருக்கிறார். அதோடு, தான் தைத்த குறைந்தது நான்கு க்வில்ட்களைப் பற்றியும் சொல்கிறார்.

ஸ்மித் சாகும் வரை பைபிள் க்வில்ட் அவரிடமே இருந்து, 1969-ல் ஸ்மித்சோனியனுக்கு வந்தது. 5 டாலர் விஷயத்தில் கோபப்பட்டேன் இல்லையா? பத்திரமாக வைத்திருந்ததற்கும், எழுதி வைத்ததற்கும் ஸ்மித்துக்கு நன்றியும் சொல்லணும். இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் இந்த க்வில்ட்டின் நகல்களைச் சீனாவில் தைக்க வைத்து விற்றது. அமெரிக்கா முழுக்க க்வில்ட் தைப்பவர்கள் கொதித்து எழுந்தார்கள். கைவேலைக்கு என்ன மரியாதை என்று மறுபடியும் அதே பேரம், வேறு வாசலில்.

2021 அக்டோபரில் பாஸ்டனில் ஒரு கண்காட்சி தொடங்கியது. ஹேரியட்டின் இரண்டு க்வில்ட்களும் முதல்முறையாக ஒன்றாக வைக்கப்பட்டது அங்கேதான்.

கடிதத்தில் அவர் சொல்கிற மற்றவற்றில் ஒன்று, கடைசி இராப்போஜனத்தை மட்டுமே வைத்துத் தைத்தது. அதை எந்த மியூசியத்திலும் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு வீட்டுப் பரணில், ஒரு கோணிப்பைக்குள் இன்னும் மடித்து இருந்தாலும் இருக்கலாம்.