ஹென்றி மாட்ஸ்லி

லேத்துப் பட்டறை என்று நம்மவர் வழங்கும் இடத்தே இரும்புத் தண்டைச் சுழலவிட்டு, உளியைத் திருகினால் நகர்த்திச் சீவுகின்றனர். அம்முறையை உலகில் நிலைநாட்டியவருள் தலைசிறந்தவர் ஹென்றி மாட்ஸ்லி என்னும் ஆங்கிலக் கம்மியர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இலண்டனை அடுத்த வுல்விச்சில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே அங்குள்ள ஆயுதச்சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் சிறுவராகப் புகுந்தார். பின்னர்த் தச்சுக் கொட்டில், அதன்பின் கொல்லுலை. பதினெட்டாம் வயதில், பூட்டுத் தொழிலிற் பேர்பெற்ற ஜோசப் பிராமா இவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பிராமாவின் பூட்டு திறவுகோலின்றி எவராலும் திறக்கலாகாதென அறைகூவி வைக்கப்பட்டது. 1851 வரை அது தோற்றிலது. அத்தகைய பூட்டைப் பலவாகச் செய்தற்குரிய கருவிகளை ஆக்கியவர் மாட்ஸ்லியே. எனினும், வாரம் முப்பது ஷில்லிங் குடும்பத்திற்குப் போதாமையால் கூடுதல் ஊதியம் வேண்டியபோது அது மறுக்கப்பட்டது. 1797-இல் வெளியேறித் தனிப்பட்டறை வைத்தார். முதலில் வந்த வேலை, ஓவியர் ஒருவர்க்கு இரும்பினாலாய படந்தாங்கிச் சட்டம்.

சட்டத்தின் உறுதியையே இவர் வாழ்நாளெல்லாம் நாடினார் எனலாம். முன்னாளைக் கடைசல் இயந்திரங்கள் பெரும்பாலும் மரத்தாலாயவை. உளியைக் கையே பிடித்தது. மரம் வளையும், கை நடுங்கும். மாட்ஸ்லி 1800-ஆம் ஆண்டளவில் முக்கோண இரும்புச் சட்டங்களின்மீது உளிதாங்கியை ஏற்றி, திருகினால் அதனை நகர்த்தினார். இவ்வுறுப்புக்களைத் தனித்தனியே முன்னரும் சிலர் கண்டதுண்டு. அவற்றை ஒருங்கிணைத்து வளையா இரும்பில் அமைத்ததே இவர் பெருமை.

இதன் அருமையை யாம் நூலினும் திருத்தணியில் மிகுதியாக அறிந்தோம். மலையடிவாரத் தெருவில் எம் நண்பர் ஒருவர், கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரமொன்றை வீட்டிலேயே சமைத்தார். வெட்டுமுனையைத் தாங்கிக் குறுக்கே பாலம்போல் நிற்கும் கேன்ட்ரி மெல்லிய அலுமினியத்தால் ஆயது. கணினி வட்டம் வரையப் பணித்தது. பலகையில் விழுந்ததோ கோழிமுட்டை! மோட்டாரை மாற்றியும் பயனில்லை. உத்தரத்தின் நீளம் இருமடங்கானால் அதே விசைக்கு வளைவு எண்மடங்காகும். விசை வரும் திசையில் தடிப்பு இருமடங்கானால் வளைவு எட்டிலொன்றாகும். இக்கணக்கை அறிந்தபின் அவர் பாலத்தைக் குறுக்கினார். பருத்த இரும்புப் பெட்டிக்குழாயை இட்டார். வெட்டுமுனை கீழே தொங்கும் தூரத்தையும் குறைத்தார். அத்தொங்கலன்றோ பாலத்தை முறுக்குவது!

மாட்ஸ்லியின் அளவைக் கருவி ஓர் அங்குலத்தைப் பதினாயிரம் கூறாக்கிக் காட்டிற்று. பட்டறையின் ஐயங்களுக்கெல்லாம் இறுதித் தீர்ப்பு அதனிடமே கிடைத்தமையின் அதற்கு உயர்நீதித் தலைவர் பதவியின் பெயரையே சூட்டினர். மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றிமாற்றி ஒப்பிட்டுத் தேய்த்து, மெய்யான சமதளம் காணும் முறையையும் இவர் பட்டறையிற் கையாண்டார். இரண்டே தகடுகளாயின் ஒன்றன் குழி மற்றதன் மேட்டோடு பொருந்தி ஏமாற்றிவிடும்.

போர்ட்ஸ்மத் கப்பற்றுறையில் கப்பிகள் செய்தற்கு, புரூனல் வகுத்த இயந்திரங்களை இவரே செய்து தந்தார். 1808-இல் அங்கு ஓராண்டில் 1,30,000 கப்பிகள் ஆயின. 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர். இதனை வியப்போர் பலர். எஞ்சிய நூற்றுவர் என்னாயினர் என்று வினவுவோர் சிலரே. தறிநெய்வோர் வாழும் வட்டாரத்தவராகிய எமக்கு அவ்வினா எளிதில் அகல்வதன்று. மாட்ஸ்லியோ கைத்திறனை வெறுத்தவரல்லர்; அரத்தைத் தாமே கையிலெடுத்து வேலை காட்டுவதில் மகிழ்ந்தவர். விட்வொர்த், நாஸ்மித், ராபர்ட்ஸ் முதலியோர் அவர் பட்டறையிற் பயின்றவரே.

1825-இல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்த எண்டர்பிரைஸ் என்னும் நீராவிக் கப்பலின் எஞ்சினும் அவர் நிறுவனத்தாரது ஆக்கமே.

நோயுற்ற நண்பரைக் காணப் பிரான்சு சென்று மீள்கையில், கடலில் குளிர்தாக்கி நோயுற்று, 1831-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் மாட்ஸ்லி காலமானார். வுல்விச்சில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அங்கு எழுந்த நினைவுச்சின்னத்தை அவரே முன்னர் வரைந்து வைத்திருந்தார். அது வார்ப்பிரும்பினால் ஆயது.