வெள்ளீயத்துக்கு மேலே ஒரு காலி இடம்

கண் பார்வை இழந்த தகப்பனார். வீடு நிறையப் பிள்ளைகள். ரஷியாவில், சைபீரியாவில் உள்ள டோபால்ஸ்க் நகரில், அந்த வீட்டின் கடைக்குட்டியாக 1834-ல் பிறந்தார் டிமித்ரி மெண்டலீவ்.

தாயார் மரியா கண்ணாடித் தொழிற்சாலை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1847-ல் கணவர் இறந்தார். மறு ஆண்டு தொழிற்சாலை எரிந்து சாம்பலாயிற்று. வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். மரியாவோ, கடைசி மகனைப் படிக்கவைத்தே தீருவது என்று புறப்பட்டுவிட்டார். ஆயிரம் மைலுக்கு அப்பால் மாஸ்கோ. அங்கே இடம் இல்லை என்று கைவிரித்தார்கள். பீட்டர்ஸ்பர்க் போனார். 1850-ல் அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மகனுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டில் தாயார் கண்ணை மூடினார்.

மகன் படித்து ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

வேறு பொருளாகப் பிரிக்க முடியாத அடிப்படைப் பொருள்களுக்கு மூலகங்கள் என்று பெயர். தங்கம், இரும்பு, பிராணவாயு எல்லாம் மூலகங்களே. அப்போது 63 மூலகங்கள் தெரிந்திருந்தன. மெண்டலீவ் அவற்றை அணு எடைப்படி வரிசையாக எழுதினார். ஒத்த குணம் உள்ளவை திரும்பத் திரும்ப வந்தன. அவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்து 1869-ல் அட்டவணை வெளியிட்டார்.

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுகிறார்களே வெள்ளீயம், அதுவும் மணலில் உள்ள சிலிக்கனும் ஒரே குடும்பம். இரண்டும் நான்கு குளோரின் அணுக்களோடு சேரும். ஆனால் சிலிக்கனின் அணு எடை 28. வெள்ளீயத்தின் அணு எடை 118. நடுவே ஒரு படி குறைந்தது. மெண்டலீவ் அந்த இடத்தைக் காலியாக விட்டார். அதோடு நின்றாரா? இல்லை. அங்கே வரவேண்டிய மூலகத்துக்கு 1871-ல் ஜாதகமே கணித்துவிட்டார்! அணு எடை 72, நிறம் சாம்பல், தண்ணீரைப் போல் 5.5 மடங்கு கனம். குளோரினோடு சேர்ந்தால் உண்டாகும் திரவம் 100 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும். கண்ணால் காணாத பொருளுக்கு இத்தனை அடையாளங்கள்! தப்பினால் உலகம் சிரித்திருக்கும்.

அவர் சொன்ன வேறு இரண்டு மூலகங்கள் 1875-லும் 1879-லும் கிடைத்தன. வெள்ளீயத்தின் மேல் இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

ஜெர்மனியில் வின்க்ளர் என்ற அறிஞர் ஒரு வெள்ளித் தாதுவைச் சோதித்தார். அதில் இருந்தவற்றை எல்லாம் கூட்டியும் நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. விடாமல் தேடினார். 1886-ல் அந்த ஏழு பங்கு அகப்பட்டது. புது மூலகம்! தன் நாட்டின் பெயரால் ஜெர்மேனியம் என்று அழைத்தார். வேடிக்கை என்னவென்றால், அது வேறு இடத்துக்கு உரியது என்றே மெண்டலீவ் முதலில் எண்ணினார்! அளந்து பார்த்த பிறகே உண்மை தெரிந்தது. அணு எடை 72.3. நிறம் சாம்பல். அந்தத் திரவம் கொதித்தது 86 டிகிரியில்.

மறு ஆண்டு, கரைசல்களைப் பற்றி எழுதிய நூலைத் தாயாரின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார் மெண்டலீவ். 1907-ல் காலமானார். அமெரிக்க விஞ்ஞானிகள் 1955-ல் உண்டாக்கிய 101-வது மூலகத்துக்கு மெண்டலீவியம் என்று பெயர்.